வாயைத் திறக்கப் பயந்தவர்கள்

பல் டாக்டரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை; வலியிடம் மற்ற எல்லாப் பயமும் தோற்ற பிறகுதான் வருகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர் தேரடிப் பக்கம் போர்டு மாட்டினேன். பல்வலி என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் கோளாறே இல்லை, ஈறுதான் அழுகியிருந்தது. ராத்திரி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

தலையணையில் ரத்தம்

பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முனியம்மா வந்தாள். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். புருஷன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் தனக்கென்று ஒரு தம்ளரை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். தினமும் காலையில் தலையணையில் ரத்தமாம். காசநோய் என்று ஊரே முடிவுகட்டி, அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து, கைக்குழந்தையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாயைப் பார்த்தேன். ஈறு பஞ்சு மாதிரி ஊறி, தொட்ட இடமெல்லாம் ரத்தமும் சீழும். இருமலே இல்லை. இருந்தாலும் எனக்கும் உள்ளூர உதறல்தான். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது. புருஷனைக் கூப்பிட்டு, "ரத்தம் ஈறுலேருந்துதான் வருது, நெஞ்சுலேருந்து இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் தலையாட்டினானே தவிர, வாசற்படியைத் தாண்டவில்லை.

பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி, மருந்து போட்டு, பல வாரம் போனது. ரத்தம் நின்றது. அதற்கப்புறம் ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அவளே சொன்னாள்:

"நேத்துதான் டாக்டரு, கொயந்த என் கையால சோறு துன்னுச்சு."

சந்நிதியில் விழுந்தால்?

ராகவாச்சாரி, பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். கணீரென்ற குரல். ஆனால் மாதக்கணக்காக வயிற்று வலி என்று சொல்லிக் சேர்ந்து சேவிக்கிற கோஷ்டிக்கே போகவில்லை. உத்தரீயத்தால் வாயை மூடிக்கொண்டுதான் என்னிடமும் பேசினார். மேல்வரிசை முன்பற்கள் நாக்கு பட்டாலே ஆடின. பக்கத்தில் நிற்கிறவர்கள் வாய் நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒரு வேதனை. அதைவிடப் பெரிய பயம் வேறு. சேவிக்கும்போது பல் விழுந்து சந்நிதியில் ரத்தம் சிந்திவிட்டால்?

"அப்புறம் நடை சாத்தி, தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் பண்ணணும். என்னாலே பெருமாளுக்கு அந்தக் கதியா?" என்றார்.

எடுக்க வேண்டும் என்றேன். மேல்பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டதும் கண்ணை இறுக மூடினவர், எல்லாம் முடிந்து பஞ்சு வைத்த பிறகும் திறக்க மறுத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கண், பிறகு இன்னொன்று. என்னையே உற்றுப் பார்த்தவர், பஞ்சைக் கடித்தபடி குழறினார்:

"டாக்டர், நீங்க தெரியறேள். பெருமாளும் தெரிவாரோன்னோ?"

கழுத்து வரைக்கும்

வெள்ளிக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் உட்காருவேன். இரும்பு ஃபேக்டரியில் உலை வேலை செய்கிற நாகையாவை அவன் கூட்டாளி தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். ஈறு வீங்கி வெகுநாளாம். லவங்க எண்ணெய் தடவியே சமாளித்திருக்கிறான். இப்போது தாடைக்கடியில் கழுத்து கல்லாக இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் ஒழுகியது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

அந்த அறையில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மெட்ராஸ் போகிற லாரியை நிறுத்தி மூன்று பேரும் ஏறினோம். அவனைச் சாய விடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கூட்டாளி மட்டும், "பல்லு வலிக்கு யாரும் சாவமாட்டாங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்தான். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தழும்பு தெரியச் சட்டைக் காலரைத் திறந்துவிட்டுக்கொண்டு, உலைக்காரர்கள் ஒரு கும்பலையே ஓட்டிக்கொண்டு வந்து நின்றான்:

"நைனா, இவனுங்க வாயத் தொறக்க பயந்துக்கினு கீறானுங்க. தொறக்கலன்னா என் கழுத்த காட்டு!"

இத்தனையும் கண்ணால் பார்த்த எனக்கே ஈறு வீங்கினால், உங்களைப் போலத்தான், முதலில் உப்புத் தண்ணீர், பிறகு சாமி, கடைசியில்தான் டாக்டர்.