சிவப்புப் பேனா அம்மை

ஐந்தாம் வகுப்பில் என் நேரம் முக்கால்வாசி ஒருத்தியை டாய்லெட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வருவதிலேயே போனது. செண்பகனூர் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. என் அம்மா அங்கே நர்ஸ். மருத்துவ அறையை ஒட்டிய குவாட்டர்ஸில்தான் எங்கள் வீடு. நர்ஸ் மகள் என்பதால் வகுப்பில் யாருக்கு வாந்தி வந்தாலும், யாருக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் டீச்சரின் விரல் என் பக்கம்தான் நீளும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டாய்லெட்டுக்கு அனுமதி கேட்டுப் போனால் அரை மணி நேரம் ஆனாலும் திரும்பமாட்டாள். “நீ போயி அவளக் கூட்டிட்டு வா” என்பார் டீச்சர். பனி இறங்கும் காலையில் நான் கதவைத் தட்டித் தட்டி நிற்பேன். கடைசியில் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வருவாள். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள். ஒன்றுமில்லாததற்கு அரை மணி நேரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா அவளைக் கூப்பிட்டு, “தண்ணி குடிக்கிறதே இல்ல. அதான் நீர்க்கடுப்பு” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அடுத்த மாதமும் அதே மாத்திரை, அதே திட்டு. குளிருக்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அம்மாவின் தீராத வழக்கு. மலைமேல் வரும் எந்த நோய்க்கும் அவளிடம் அந்தக் காரணம் தயாராக இருக்கும்.

என் பக்கத்து இடத்துக்காரி நான்காம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெளிநாட்டில் வியாபாரம் செய்தார்கள். விடுமுறை வந்தால் அவளையும் இரண்டாம் வகுப்புத் தங்கையையும் கூட்டிப்போக ஒரு பெரிய நகரத்திலிருந்து அத்தை காரில் வருவார். எந்த நகரம், எந்தச் சமூகம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் அந்தச் சமூகத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பிள்ளையை மறந்துவிடுவார்கள். அதைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டேன்.

அந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் என்னைத் தனியே அழைத்துப் போனாள்.

“என் தங்கச்சிக்கு அம்மை வரணும்” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அம்மை வந்தா ஊருக்கு அனுப்ப மாட்டாங்கல்ல? அவ இந்தத் தடவை அத்தை கூடப் போகக் கூடாது. நீதான நர்ஸ் மக, ஏதாவது செய்யி.”

காரணத்தை எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. அத்தை அடிப்பார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் திறமையை ஒருத்தி நம்பிவிட்டாள் என்ற பெருமை வேறு. டீச்சர் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வந்தேன். இருவரும் சேர்ந்து சின்னவளின் கையிலும் கழுத்திலும் முகத்திலும் புள்ளி வைத்தோம். அவளுக்கு ஏழு வயது. கூச்சம் தாங்காமல் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாள். நான்கு அம்மைக் கொப்புளங்கள் பஞ்சோடு போயின.

“கூறுகெட்டவளுகளா! அம்மை என்ன கோலப்புள்ளியா, வரிசை புடிச்சு வர?” என்று என் காதைத் திருகினாள்.

அப்போதுதான் எப்போதும் வாயே திறக்காத பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “துடைக்காதீங்க ஆன்ட்டி. இவளுக்கு ஏழு வயசாயிருச்சு. அத்தை ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. என்னையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. அதுலருந்துதான் எனக்கு ஒண்ணுக்குப் போனா வலிக்குது” என்றாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகச் சொன்னாள். முற்றத்தில் நாங்கள் பாண்டி ஆடினோம். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. என்னிடம் கையை நீட்டி, “அந்தப் பேனாவக் கொண்டா” என்றாள். பிடுங்கி வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சின்னவளை மடியில் உட்காரவைத்து, அழித்த இடங்களில் தானே புள்ளி வைக்க ஆரம்பித்தாள். இங்கொன்றும் அங்கொன்றுமாக, பெரிதும் சிறிதுமாக வைத்தாள். மேலே கேலமைன் லோஷன் பூசியதும் எனக்கே அது அசல் அம்மையாகத் தெரிந்தது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். பெண்குழந்தையின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை அறுத்துவிடுகிற வழக்கம் அது. மருத்துவத்தில் அதற்கு ஒரு காரணமும் கிடையாது, கேட்டால் வழக்கம் என்பார்கள். “மாசக்கணக்கா தண்ணி குடி, தண்ணி குடின்னு திட்டித் திட்டி அனுப்புனேனே. ஒரு நாளு கதவைச் சாத்திட்டு, ஏன்டா வலிக்குதுன்னு கேட்டேனா?” என்று அப்போதும் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் படித்த படிப்பில் இது ஒரு வரியாகக்கூட இருக்கவில்லையாம். பிள்ளைகளைப் பார்க்கிற நர்ஸுக்கு இதைச் சொல்லித்தரக் கூடாதென்று முடிவு செய்த மகான் யாரோ, அவர் என் கையில் கிடைத்தால் தேவலை.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அநியாயம்தான். அந்தப் பிள்ளையோடு இருந்ததால் நானும் பத்து நாள் வெளியே போகக் கூடாது என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். எனக்கு நான்கு வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. ஒருமுறை வந்தால் மறுபடி சாதாரணமாக வராது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவளே அவள்தான்! கிறிஸ்துமஸ் நாடகத்தில் இரண்டு வருஷம் ஆட்டுக்குட்டியாகத் தவழ்ந்த எனக்கு அந்த வருஷம்தான் சம்மனசு என்கிற தேவதூதர் வேஷம் கிடைத்திருந்தது. அழுதேன், சாப்பிடமாட்டேன் என்றேன். “வெளிய விட்டா நீ வாய வச்சுக்கிட்டு சும்மா கெடக்க மாட்ட” என்று சொல்லிவிட்டாள். என் சிறகுகளை வேறொருத்தி மாட்டிக்கொண்டு போனாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மறுநாள் வந்தது. அடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் பெற்றோர் அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலை கொண்டுவந்தால், “இந்த எலையெல்லாம் எதுக்குங்க?” என்று திருப்பி அனுப்புகிறவள் அம்மா. அவள் அப்பாவிடம் வேப்பிலை கேட்டாள். இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? டூரிஸ்ட் வேன் ஓட்டும் அப்பா வத்தலக்குண்டுவரை இறங்கி ஒரு கட்டுக் கொண்டுவந்தார். “ஏம்மா, ஜெபமாலைய எங்க வச்ச?” என்று கேலி செய்தார். “வெரசா வாசல்ல கட்டுங்க” என்றாள் அம்மா. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்பா கேலியை நிறுத்திவிட்டார்.

நடுவில் தலைமையாசிரியையோடு சண்டை வேறு. “அது அவங்க வீட்டு விஷயம் சிஸ்டர்” என்ற அவரது குரல் சுவர் தாண்டிக் கேட்டது. “கையி ஒடிஞ்சு வந்தாலும் வீட்டு விசயம்னு விட்டுருவீங்களா மேடம்?” என்று அம்மா கத்தியதும் கேட்டது. ஆபீஸ் போனைத் தர மறுத்துவிட்டார்கள். அப்பா அம்மாவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த, வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டி பூத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் முயன்றும் பிள்ளைகளின் அப்பா கிடைக்கவில்லை. நான்காம் நாள் அத்தை வந்துவிட்டார்.

அத்தை பொல்லாதவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். இரண்டு ஸ்வெட்டரும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, சின்னவளை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்ணீர் விட்டார். அவரையும் ஏழு வயதில் யாரோ ஆசையாகக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போயிருப்பார்கள். “போர்வையில சுத்தி மெதுவா கொண்டுபோயிடுறேன்” என்று கெஞ்சினார். கார் டிரைவர் வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார். “அம்மை போட்ட புள்ளய வண்டில ஏத்த மாட்டேங்க, வீட்ல கைப்புள்ள இருக்கு” என்று நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். அத்தை சின்னவளை விட்டுவிட்டுப் போக ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாளில் பிள்ளைகளின் அப்பா போனில் கிடைத்தார். பெரிய மகளுக்கு நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாதாம்! பெண்கள் பார்த்துக்கொள்கிற காரியம் என்று இருந்துவிட்டாராம். கேட்டதும் வாய்விட்டு அழுதாராம். மறு வாரமே வந்து இறங்கினார். சின்னவளை யாரும் தொடவில்லை.

ஆனால் அத்தை வந்த அன்று அவர் போனில் கிடைப்பாரா என்பதே யாருக்கும் தெரியாது. பெரியவளையும் நிறுத்திக்கொள்ளத்தான் அம்மா பார்த்தாள். முந்தின நாள்தான் அவளை ஒரு லேடி டாக்டரிடம் காட்டியிருந்தாள். இன்னும் வைத்தியம் பாக்கி இருந்தது. அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பேரும் போகலேன்னா அத்தை இங்கயே ரூம் எடுத்துத் தங்கிருவாங்க ஆன்ட்டி. நான் போறேன்” என்றாள். மருந்துகளைப் பைக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது ஜன்னலுக்கு வந்தாள். நான் எரிச்சலில் இருந்தேன். “எல்லாம் உன்னாலதான். நீ மட்டும் ஜாலியா ஊருக்குப் போற. உன்னை அத்தை ஒண்ணும் செய்யமாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கு எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. இனிமே என்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க” என்றாள்.

எதைச் செய்து முடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அடி திட்டு எதுவும் கிடையாது, காரில் ஜன்னலோர இடம், மடியில் டப்பா நிறையப் பேரீச்சம்பழம். கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். அவள் கையசைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.