ராக்காயி அக்காவின் கோழிக்குஞ்சு ஹீட்டர்

ஈப்போ வெயில்ல ஹீட்டர் வாங்கினவளேன்னு எங்க குனோங் ராபாட் ஊரே சிரிச்சிச்சு. சிரிக்கட்டும்லா! ராக்காயி அக்கா வாங்கினது கோழிக்குஞ்சுக்கு. கேமரன் மலை பங்களாவுல வேண்டாம்னு தூக்கிப் போட்ட சாமான், ஆயிரம் வாட்டு. அது எழுபத்தெட்டாம் வருஷம், மழை மாசம். வீட்டுக்குப் பின்னால கொட்டாயில வச்சா. குஞ்சு பொழைச்சு வளந்தா வித்துட்டு, புருஷனை விட்டுட்டு ஜெலாப்பாங்ல ஒரு ரூம் எடுத்துப் போயிடலாம். நான் பக்கத்து வீட்டு எல்ஸி, இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புருஷன் உடையப்பன். குடிக்காமலே அடிப்பான், சண்டாளன்! எஸ்டேட்ல ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைக் கொட்டாயில தீ போட்டவன். தீ அணைஞ்சா வேலை வாங்குற மண்டோர் உதைப்பான். அந்தப் பயம் இன்னும் போகல. ஹீட்டர்ல சிவப்பு லைட்டு அணைஞ்சாப் போதும், தீ செத்துப்போச்சுன்னு ஓடிப்போய் பட்டனைத் திருகிக் கூட்டுவான்.

"தொடாதீங்க! சூடு போதும்னா அதுவே நிக்கும், கொறைஞ்சா அதுவே எரியும். எந்தச் சூட்டுல நிக்கணும்னுதான் பட்டன் சொல்லும். கூட்டினா சீக்கிரம் சூடாகாது, ஆயிரம் வாட்டு ஆயிரம் வாட்டுதான்" அக்கா தலைபாடா அடிச்சிக்கிட்டா.

"எனக்கே தீ போடக் கத்துத் தர்றியாடி?" ஓங்கி ஒரு அறை. பல்லு ஒண்ணு தெறிச்சிச்சு.

ஒருநாள் அக்கா தீவனம் வாங்கப் பாசாருக்குப் போயிட்டா. லைட்டு அணைஞ்சிச்சு. அந்தப் பாவி பட்டனைக் கடைசி வரைக்கும் திருகி, கதவையும் சாத்திட்டான். அப்புறம் அது எங்க நிக்கிறது? அக்கா திரும்பி வந்தப்ப, குஞ்செல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மூலையில குமிஞ்சு செத்துக் கெடந்துச்சு.

"கெட்டுப்போன சாமானை வாங்கிட்டு வந்தியேடி!"ன்னு அவ முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதினான். நெத்தி கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. நான் வேலி தாண்டி ஓடறதுக்குள்ள, அக்கா கதவுக்கட்டையைத் தூக்கிட்டா. அவன் கை மேலயே போட்டா. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. இன்னொண்ணும் போட்டா. "போதும்க்கா, செத்துடுவான்!"னு கட்டிப் பிடிச்சேன். என்னையும் உதறித் தள்ளினா.

ஆஸ்பத்திரியில டாக்டர், கை எப்படி ஒடைஞ்சிச்சுன்னு கேட்டாரு. உடையப்பன் அக்காவைப் பாத்தான். அவ கண்ணை எடுக்கல.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்"னான்.

அதே ஆஸ்பத்திரியில அதே பொய்யை அக்கா எத்தனை வாட்டி சொல்லியிருக்கா!

அவ வீட்டுக்குத் திரும்பல. குஞ்சும் இல்ல, காசும் இல்ல. ரத்தம் காயாத சேலையோட ஜெலாப்பாங் பஸ்ஸுல ஏறிட்டா.