ஏழாம் பிரிவின் வினைச்சொல்

தலைநகர் திபிலிசியில் நாங்கள் வேலை பார்த்த அரசு மொழிபெயர்ப்புப் பிரிவில் நாஸிப்ரோலா அளவுக்கு ரஷ்ய மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. ஐம்பத்தேழு வயது. கணவர் போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். நாட்ஸலதேவிப் பகுதியில் தங்கை சிசினோவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள்.

அந்த ஜனவரியில் எரிவாயுக் குழாய் ஒப்பந்தம் வந்தது. வடக்கிலிருந்து வரும் வாயு எங்கள் நாட்டுக்குள் நுழைந்து தெற்கே அண்டை நாட்டுக்குப் போவதற்கான ஒப்பந்தம். அவளையும் என்னையும் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். பத்து வருடம் வாய் திறக்க மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். நாஸி மொழிபெயர்த்தாள். வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து உண்டு.

பிப்ரவரியில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ருஸ்தவேலி சாலையை நிரப்பிவிட்டன. "காகிதத்தைக் காட்டு!" என்பதுதான் கோஷம். பல் மருத்துவமனையில் வேலை பார்த்த சிசினோ, வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நம்மள வித்துட்டாங்களா, இல்லையா?"

"சாப்பிடு. ஆறிப்போவுது."

"தலைய ஆட்டினாக்கூடப் போதும்."

"எனக்குக் கழுத்து வலி."

சிசினோ தட்டை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாளாம். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிட்டாள். அக்காவிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்துத்தான் அவளுடைய கோபம் எவ்வளவு என்று தெரியும் என்று நாஸி என்னிடம் ஒருநாள் சொன்னாள். அதைச் சொன்னபோது சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

மார்ச் முதல் வாரம், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சபையில் எழுந்து ஒரே ஒரு வரியை வாசித்தார். எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. ஏழாம் பிரிவு: குளிர்காலத்தில் குழாயில் அழுத்தம் குறைந்தால், முதலில் உள்நாட்டு வீடுகளுக்கான வாயுவைக் குறைக்க வேண்டும். நாடே கொதித்தது. அன்று மாலை துணை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். "மூலத்தில் 'குறைக்கலாம்' என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவாக 'வேண்டும்' என்று எழுதிவிட்டார்" என்றார்.

மூலத்தை மட்டும் அவர் காட்டவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் யாரும் நாஸியின் மேசைப் பக்கம் போகவில்லை. அவள்தான் என்னிடம் வந்தாள்.

"ஜெமால், நீ ஒப்பிட்டுப் பாத்தியே."

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"நாஸி, எனக்கு ரெண்டு பொண்ணுங்க..."

"நான் உன்கிட்ட எதையும் செய்யச் சொல்லலியே. ஞாபகம் இருக்கான்னுதான் கேட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் போய்விட்டாள்.

நாடாளுமன்றக் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது. பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். நான் அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். "அம்மா, பிழை உங்களுடையதா? ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்" என்றார் தலைவர்.

நாஸி தண்ணீரைக் குடித்தாள். "முப்பத்தொரு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். 'லாம்' எது, 'வேண்டும்' எதுன்னு எனக்குத் தெரியும். அங்க இருந்ததத்தான் எழுதினேன்."

ஒரே அமளி. எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிக்கப் போனார். நாஸி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "உங்களுக்காகச் சொல்லல. என் வேலையப் பத்திச் சொன்னேன்."

அடுத்த நாள் ஊர்வலத்தில் அவள் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தூக்கிப் போனார்கள். சிசினோவும் ஒன்றைத் தூக்கியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே அக்காவின் கையைப் பிடித்தாள்.

"ஒரு மாசமா என்கூட ஒரு வாய் சாப்பிடல. இப்ப என் மூஞ்சியக் கம்புல கட்டித் தூக்கிக்கிட்டுத் திரியற" என்றாளாம் நாஸி. கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை.

வேலை போயிற்று. ரகசியத்தை மீறியதாக வழக்கும் வந்தது. எதிர்க்கட்சி அனுப்பிய வக்கீல் இரண்டு தடவை வந்தார், பிறகு தேர்தல் வேலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் நிறைவேறியது. ஏழாம் பிரிவைத் திருத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள். திருத்தத்தை யாரும் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து வழக்கைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். அதற்குள் நாஸி தங்கையிடம் வீட்டை விட்டுவிட்டு கஷூரி என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. மருந்துக் குறிப்புச் சீட்டு, தண்ணீர் மோட்டார் விளக்கப் புத்தகம் என்று வந்ததை மொழிபெயர்த்தாள்.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவளைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். சிசினோ ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொன்னாள். பேச விஷயம் இல்லாததால் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்களாம்.

கடைசியில் நான் வாயைத் திறந்தேன். "அன்னைக்கு நானும் வந்து நின்னிருக்கணும், நாஸி."

"நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? உனக்கும் வேலை போயிருக்கும். அவங்க அந்தக் காகிதத்தக் காட்டியிருக்கவே மாட்டாங்க."

"ஆமா."

அவள் ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள். "ஆனா அந்த விசாரணை ரூம்ல இருந்து வெளிய வந்தப்போ நீண்ட தாழ்வாரம், ஜெமால். கூட நடக்க ஒரு ஆளு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நாலரை மணிப் பேருந்தில் நான் திரும்பினேன். வழியனுப்ப அவள் வரவில்லை. மொழிபெயர்த்து முடிக்க வேண்டிய மருந்துக் குறிப்புச் சீட்டு ஒன்று இருந்தது.