கூர்ப்பக்கம் கீழே

ஓமந்தையிலிருந்து தங்கச்சி அனுப்பிய பொட்டலத்தைக் குலுக்கினேன். உள்ளே பூசணி விதைகள் சலசலத்தன. அந்தச் சத்தம் இப்போதும் என்னைச் சின்ன வயதுக்குக் கொண்டுபோய்விடும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு ஒன்பது. அப்பா ஆளுக்குப் பத்து விதை தந்தார். மண் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊன்றிக் கிணற்றடியில் வைத்தோம். முந்தின மாரியில் அவளுடையது எல்லாம் முளைத்தன, என்னுடையது இரண்டுதான். "சின்னவளின்ர கை நல்ல கை" என்று அப்பா வாறவர் போறவருக்கெல்லாம் சொல்ல, எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை கவனித்தேன். அவள் விதையின் கூர்ப்பக்கம் கீழே இருக்க ஊன்றினாள். வேர் அதிலிருந்துதான் வருமாம். என்னுடையதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. அவள் குளிக்கப் போனதும் அவளுடையதைக் கிளறி, கூர் மேலே பார்க்கத் திருப்பி வைத்தேன்.

என்னுடையது பத்தும் நேராக முளைத்தன. அவளுடையவை பிந்தி, கழுத்து வளைந்து, விதைக்கோதைத் தலையில் சுமந்தபடி வந்தன.

"பெரியவள் வெண்டிட்டாள்" என்றார் அப்பா.

தங்கச்சி என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, நீ தலைகீழா ஊண்டியிருந்தனி. பாவமெண்டு நான்தான் திருப்பி விட்டனான். அப்பாட்டச் சொல்லாத."

எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அவளுடையதாகிவிட்டது. பிறகு நான் எட்டாம் வகுப்போடு நின்றேன், அவள் படித்து உத்தியோகமானாள். அதையெல்லாம் பொறுத்தேன். இதைப் பொறுக்கத்தான் இன்னும் முடியவில்லை.

பொட்டலத்தின்மேல் அவளுடைய கையெழுத்து: "கூர் கீழே. உனக்குத் தெரியும்தானே, அக்கா."

அன்று நான் திருப்பி வைத்தது தெரிந்துதான் எழுதினாளோ? பொட்டலத்தில் இருந்த பத்தையும் கூர் கீழே இருக்க ஊன்றினேன். பின்னேரம் போய், யாரும் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தேன்.