முதலில் கையெழுத்து

காலை எட்டு மணி பத்து நிமிடம். அலுவலகத்துக்குக் கொண்டுபோக எலுமிச்சை சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அமெரிக்காவில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள். வேலை நாட்களில் அவள் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. எடுத்ததும், "மா, ஷோனோ" என்றாள்.

கேளு அம்மா என்பதைத்தான் பெங்காலியில் சொன்னாள். கொல்கத்தாவில் பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவள், தெருவிலும் பள்ளியிலும் அவளுக்கு எல்லாம் பெங்காலிதான். என்னிடம் மட்டும் தமிழ். என்னிடமே அது வந்தால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஏழாம் வகுப்பில் மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட அன்றும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"சொல்லு."

"என் ஸ்டேட்டஸ் போயிடுச்சும்மா."

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. அவள் சொன்னது இதுதான். மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தபட்சம் இத்தனை பாடம் படித்தாக வேண்டும். அவளுக்கு அது மூன்று. உடம்பு சரியில்லை என்றால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் இருக்கும் ஆலோசகர் முதலில் அனுமதி தர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடத்தை விட வேண்டும். இவள் முதலிலேயே விட்டுவிட்டாள். அவளுடைய மாணவர் பதிவை மூடிவிட்டதாக, மாணவியாக அங்கே இருக்கும் நிலை போய்விட்டதாக அன்று கடிதம் வந்திருந்தது.

விடச் சொன்னது நான்.

ஒரு மாதம் முன்பு அவளுக்கு விடாத காய்ச்சல். தொண்டை வீங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு பாடம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை விடுவதற்குக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆலோசகரின் அலுவலகம் மூடியிருந்தது. "திங்கட்கிழமை அவங்களைக் கேட்டுட்டு..." என்று இழுத்தாள். நான் அதட்டினேன். "உடம்பை விடவா? நீ முதல்ல விடு. பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்."

இருபத்தாறு வருடங்களாக கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை எனக்கு, விடுப்புப் பிரிவில். ஊழியர் அவசரமாக ஊருக்குப் போவார், பதினைந்து நாள் கழித்து வந்து விண்ணப்பம் கொடுப்பார். நான் குறிப்பு எழுதுவேன், அதிகாரி பின்தேதியில் ஒப்புதல் தருவார். போஸ்ட் ஃபேக்டோ என்று அதற்குப் பெயர். பக்கத்து மேசைக்காரர், நாங்கள் அண்ணன் என்ற பொருளில் தாதா என்று கூப்பிடுபவர், இன்னும் சுருக்கமாக "ஹொயே ஜாபே" என்பார், ஆகிவிடும் என்று. அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மனிதர்களுக்கு வீட்டில் சாவு வரும், பிரசவம் வரும், அதற்கு முன்னனுமதி வாங்க முடியுமா? உலகத்தில் எல்லா அலுவலகமும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சந்தேகமே இல்லாமல் நம்பியிருந்தேன்.

என் கணவருக்கு எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை. காபிப் பொடி, அப்பளம், வத்தல் விற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தராசில் இருந்த பொட்டலத்தை இறக்கி வைத்தார்.

"உன் ஆபீஸ் புத்தியை அவ்வளவு தூரம் பார்சல் பண்ணி அனுப்பிட்டியா?"

"அவளுக்கு நூத்திமூணு ஜுரம். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் கஷாயம் போடச் சொல்லியிருப்பேன். பாடத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு நான் அலுவலகம் போகவில்லை.

மறுநாள் காலை அவள் மறுபடி அழைத்தபோது குரல் தமிழுக்குத் திரும்பியிருந்தது. பகல் முழுக்க ஆலோசகருடன் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, நாட்டை விட்டுக் கிளம்பி, புதிதாக விசா எடுத்து வருவது. கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, அங்கேயே இருந்துகொண்டு நிலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு விண்ணப்பிப்பது. முடிவு வரப் பல மாதம் ஆகும். அதுவரை முழுப் பாடமும் படிக்க வேண்டும், வளாகத்தில் வேலை செய்யக் கூடாது, வெளிநாடு போகக் கூடாது. மறுத்துவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"நான் ரெண்டாவதைப் பண்றேன்" என்றாள்.

"பேசாம கிளம்பி வந்துடேன் கண்ணா. இங்க இருந்து பார்த்துக்கலாம்."

"வந்தா விண்ணப்பம் செத்துடும்மா. அப்புறம் பார்த்துக்கலாம்னு ஒண்ணு இங்க கிடையாது."

குத்திக் காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய மருத்துவரின் சான்றிதழில் பாடத்தை விட்டதற்கு நான்கு நாள் பிந்திய தேதி இருந்தது. அவள் மருத்துவரிடம் போனதே அன்றுதான். ஒரு வாரம் முந்தின தேதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பார் என்றேன்.

"அம்மா."

"நீ நோயாளியா இருந்தது நிஜம்தானே? பொய் சொல்லச் சொல்லலையே."

"தேதி பொய்தானே? அதைக் கேட்க எனக்கு வாய் வராது. வந்தாலும் கேட்க மாட்டேன்."

அவள் எழுதிய விளக்கக் கடிதத்தை எனக்கு அனுப்பினாள். ஒன்றரைப் பக்கம். காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை, மூடிய அலுவலகம், பிந்திய தேதி, எல்லாம் நடந்த வரிசையில் இருந்தது. கெஞ்சல் இல்லை. விதியைப் படித்திருந்தேன், ஆனாலும் கேட்பதற்கு முன் விட்டுவிட்டேன் என்று ஒரு வரி. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தவள் நான். இவ்வளவு நேராக எழுதிய ஒன்றைப் பார்த்ததில்லை.

"அம்மா சொன்னதால விட்டேன்னு எழுதேன். நிஜம்தானே அது?"

"நீ சொன்னே. பட்டனை அழுத்தினது என் விரல்" என்றாள். பிறகு சிரித்தாள். "உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா நீ அவங்களுக்கே லீவு சாங்ஷன் பண்ணிடுவே."

விண்ணப்பம் போனது. காளிகாட் கோயிலுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த மாதங்களை அவள் கடந்த விதத்தை நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அதுவரை பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் வழங்கும் மேசையில் வேலை பார்த்துவந்தாள். அந்த வேலையை அன்றே நிறுத்தினாள். ஆனால் தினமும் அதே நூலகத்துக்குப் போய், அந்த மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்தாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்காக ஜன்னலோர நாற்காலியைப் பிடித்து வைத்தார்களாம். யாராவது தெரியாமல் வந்து புத்தகம் கேட்டால், "இப்போ நான் உங்களை மாதிரி வாசகி, அங்க கேளுங்க" என்று கை காட்டுவாளாம். விட்ட பாடத்தை அடுத்த பருவத்தில் மறுபடி எடுத்து, நல்ல மதிப்பெண் வாங்கினாள். புஜோ, எங்கள் ஊர் துர்கா பூஜை, வந்து போனது. பந்தலில் இருந்து வீடியோவில் காட்டினோம். "டாக் மேளச் சத்தம் நல்லா கேட்குது" என்று மட்டும் சொன்னாள். அடுத்த புஜோவைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

அலுவலகத்தில் ஒரு நாள் ஒரு பின்தேதி விண்ணப்பத்தை எடுத்து, காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். தாதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தீதி, உடம்பு சரியில்லையா?" என்று அக்காவைக் கேட்பதுபோல் கேட்டார். அந்த ஊழியருக்கு அப்பா இறந்திருந்தார். வெட்கப்பட்டு, மறுநாள் நானே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இங்கே இருக்கிற வழக்கமும் தப்பில்லை, அங்கே இருக்கிற விதியும் தப்பில்லை. இதை அங்கே அனுப்பியதுதான் தப்பு. அது புரிய எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகியிருக்கிறது. என் மகளுக்கு இருபத்து நான்கிலேயே புரிந்திருந்தது.

எட்டாவது மாதம், காலை ஏழரை மணிக்குக் கைபேசி அடித்தது. அவசரத்தில் பச்சையைத் தொடுவதற்குப் பதில் சிவப்பைத் தொட்டுத் துண்டித்துவிட்டேன். மறுபடி அடித்தது.

"அம்மா, கேளு" என்றாள்.

தமிழ். அப்போதே தெரிந்துவிட்டது. அவள் மீதியைச் சொன்னது அப்புறம்தான். நிலை திரும்பக் கிடைத்துவிட்டது.

இன்றும் எட்டு மணி வாக்கில் கைபேசி அடித்தால் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்று அவள் சொன்னபோதும் மகிழ்ச்சிக்கு முன்னால் பயம்தான் வந்தது. திரும்பி உள்ளே விடுவார்களா? ஒன்றும் கேட்காமல் விழுங்கிக்கொண்டேன்.

அவள் வந்த அன்று நல்ல மழை. சந்தில் கணுக்கால் தண்ணீர். டாக்சி உள்ளே வராததால், கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு முனை வரை போய்ப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தார். பின்னால் அவள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மெலிந்து, நனைந்து. வாசலில் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தாள். வெளிநாடு போய்த் திரும்பலாம் என்று ஆலோசகர் கையெழுத்திட்ட தாள் அதற்குள் இருந்தது.

"தேதியைப் பார்த்துக்கோம்மா" என்றாள். "கையெழுத்து முதல்ல, டிக்கெட் அப்புறம். இப்ப சாதம் போடு."