வெள்ளை ஓர நொச்சி

காட்டுப்பள்ளியை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். அங்கே லாரி கழுவும் வேலை முடிந்துவிட்டது. பையில் இரண்டு சட்டை. அடுத்த வேலை எங்கே என்று தெரியாது, ஆனால் போய்ப் பார்க்க ஒரு செடி இருந்தது.

போன மழைக்கு முன், வேலியோரம் வெட்டிப்போட்ட நொச்சிக் குச்சி ஒன்றை எடுத்துப்போய், உப்புநீர் ஏரிக்கரைக் குப்பத்தில் எனக்குச் சோறு போட்ட ஓர் அக்காவின் வாசலில் நட்டிருந்தேன். வாசம் நொச்சியின் வாசம்தான். ஆனால் ஒவ்வோர் இலைக்கும் ஓரத்தில் வெள்ளை. அந்த வெள்ளை குச்சியோடு வருமா, மண் மாறினால் போய்விடுமா? வழியெல்லாம் இதே யோசனை.

செடி தோளுயரம் நின்றது. உப்புக்காற்றும் ஆடுகளும் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் முழுக்கப் பச்சை.

“வெள்ளை எங்கக்கா?”

“நான்தான் கிள்ளிப்போட்டேன், பச்சையா வந்த கெளைய மட்டும் வுட்டேன். எறா பண்ணைல வேல செஞ்சவ நானு. வெள்ளப் புள்ளி வந்தத உள்ள வுட்டா குட்டை மொத்தமும் பூடும். இதுவும் அந்த நோவுனு நெனச்சேன்.”

“நோவு இல்லக்கா, அதோட நெறமே அதான்.”

“நட்டுட்டு ஓடிப்பூட்டியே நைனா, சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா?”

குனிந்து தேடினேன். அடியில், பச்சைக் கிளைகளின் நிழலில், விரல் நீளத்துக்கு வெள்ளை ஓரத்தோடு ஒரே ஒரு துளிர். மேலே இருக்கும் பச்சையை வெட்டினால்தான் அது பிழைக்கும் என்றேன்.

“கைய வெச்சுப் பாரு. சாயந்தரம் கொசுவுக்கு எத்தப் போட்டுப் புகைக்கிறது, உன் சட்டையவா?”

அதனால் துளிரை மட்டும் பட்டையோடு பிய்த்தெடுத்து, மீன் ஐஸ் வைக்கும் உடைந்த தெர்மாகோல் பெட்டியில் மண் நிரப்பி நட்டேன்.

“இதுக்கு நல்ல தண்ணி யாரு ஊத்துவா? குடிக்கவே குழாயாண்ட நிக்கிறோம்.”

“வேர் விடற வரைக்கும் நானே கொண்டாந்து ஊத்துறேன்.”

“அதுவரைக்கும் சோறு?”

மறுநாள் காலை அவளோடு ஏரியில் இறங்கினேன். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் இரண்டு கையாலும் இறால் தடவிப் பிடிக்கும் வேலை. வாயில் பறி இருந்ததால் என்னால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை.