மாடி வூட்டு ஹீட்டர்

ஹீட்டர்தானே, கெட்டுப்போனா சரி பண்ணிட்டுப் போகலாம். ஆனா போன வருசம் அது என்னப் படுத்துன பாடு இருக்கே!

தருமபுரியில பென்னாகரம் ரோட்டுல எங்க வூடு. கீழ நான், மேல வாடகைக்கு ஒரு குடும்பம், புருசன் பொண்டாட்டி ஒரு கொழந்த. எங்க வூட்டுக்காரர் தவறிட்டாரு, மக கோயமுத்தூர்ல. இவங்க வர்றதுக்கு முன்னால மாடி கொஞ்ச நாள் காலியாக் கெடந்துச்சு. அப்பப்பா! சாயங்காலமானா வூடே கம்முனு இருக்கும். சும்மாவாச்சும் ஃபேனப் போட்டுட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். இவங்க வந்து, அந்தப் பொண்ணு மிக்சி போடறதும் கொழந்த தடதடன்னு ஓடறதும் காதுல வுழுந்தப்புறம்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. வாடகைக்காக இல்ல, சாமி சத்தியமா. இவங்க போயிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில ஹீட்டர் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. அந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு விடியறதுக்கு முன்னால குளிச்சு, பஸ் புடிச்சு மொரப்பூர் போயி, ரயில் ஏறி ஜோலார்பேட்டைக்கு வேலைக்குப் போறவரு. பச்சத்தண்ணியில குளிச்சுட்டு தும்மிக்கிட்டே படி எறங்கினாரு. ஒடனே எலெக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன்.

எலெக்ட்ரீசியன் வந்து கழட்டுனாரு. உள்ள இருந்த காயில் மேல சுண்ணாம்பு பூசுன மாதிரி உப்பு. எங்க போர் தண்ணி அப்படி. "உப்பு படிஞ்சா சூடேற நேரமாகும்ங்க, கரண்டும் இழுக்கும்"னாரு. புது காயில் போட்டோம். கார்த்திகையில அதுவும் புட்டுக்கிச்சு. சுவிட்சப் போட்டா ரெண்டு வூட்டுலயும் கரண்டு போயிடும். அவங்க கரண்டு பில்லு வேற எகிறிடுச்சு. "பாதிய நான் குடுத்துடறேன் கண்ணு"ன்னேன். "அதெல்லாம் வேணாங்கக்கா"ன்னு சிரிச்சுது அந்தப் பொண்ணு. அந்தச் சிரிப்புல எனக்கு நம்பிக்கையே வரல. சண்ட போட்டாகூடத் தேவல. சிரிக்கறவங்கதான் திடீர்னு சாவியக் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க.

அதனால காலையில ஒருக்கா மேல போவேன். "சூடா வருதா கண்ணு?" மத்தியானம் மறுபடியும் போவேன், வயர் எதாச்சும் கருகற வாடை வருதான்னு மோந்து பாக்க. கீழ வந்து உக்காந்தா உக்கார முடியாது, திரும்பவும் படி ஏறுவேன். ஒரு நாள் அந்தப் பொண்ணோட வூட்டுக்காரத் தம்பி துண்டோட நிக்கறப்பப் போயிட்டேன். அவரு சுவத்தோட ஒட்டிக்கிட்டாரு. "அட, எம் புள்ள மாதிரி, என்ன வெக்கம்!"னு சொல்லிட்டு ஹீட்டரப் பாத்துட்டுத்தான் எறங்குனேன்.

மார்கழி பொறந்துச்சு, எனக்கு உசுரு வந்துச்சு. மார்கழியில எங்க பக்கம் யாரும் வூடு மாத்த மாட்டாங்க. புது வூட்டுல பால் காய்ச்ச மாட்டாங்க, அட்வான்ஸ்கூடக் குடுக்க மாட்டாங்க. தை பொறக்கறதுக்குள்ள இந்தச் சனியன சரி பண்ணிட்டா பொழச்சேன்னு நெனச்சேன்.

குழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணியில உப்பு கெடையாது. நாங்க குடிக்க மட்டும்தான் புடிச்சு வெப்போம். மொட்ட மாடியில ஒரு சின்ன டேங்க் வெச்சு, அந்தத் தண்ணிய மோட்டார் போட்டு ஏத்தி, ஹீட்டருக்கு மட்டும் தனியா பைப் இழுத்தேன். "குடிக்கற தண்ணியிலயா குளிக்கறாங்க?"ன்னு பக்கத்து வூட்டம்மா வாயப் பொளந்துச்சு. பொளக்கட்டும். டேங்க்ல தண்ணி இருக்குதான்னு பாக்க, பனியில சால்வையப் போத்திக்கிட்டு விடியக்காலமே ஏறுவேன். படி அவங்க வாசல் வழியாத்தான் போகுது. போறப்ப ஜன்னல்ல ஒரு கொரலு குடுப்பேன், வர்றப்ப ஒரு கொரலு. முட்டி வலியில உசுரு போச்சு. ஆனா தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்துச்சு.

தை மொத நாளு அந்தப் பொண்ணு தட்டுல பொங்கல் எடுத்துக்கிட்டு எறங்கி வந்துச்சு. குடுத்துட்டுப் போகாம நின்னுச்சு. "அக்கா, வர்ற வெள்ளிக்கெழம நாங்க வேற வூட்டுக்குப் போறோங்க."

"இப்பத்தானம்மா எல்லாம் சரியாச்சு? மார்கழியில யாரு உங்களுக்கு வூடு குடுத்தா?"

"கார்த்திகையிலயே அட்வான்ஸ் குடுத்துட்டோங்கக்கா. மார்கழி வந்துட்டா முடியாதில்லீங்களா."

ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. மாசம் பூரா லொங்குலொங்குன்னு ஏறி எறங்குனேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அழுகையும் முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

"அங்க ஹீட்டர் எப்படி?"

"ஹீட்டரே இல்லீங்க. அடுப்புலதான் காய்ச்சணும்."

"தண்ணி?"

"இதே மாதிரி போர் தண்ணிதாங்க."

"அப்புறம் எதுக்கும்மா அந்த வூடு?"

அது தலையக் குனிஞ்சுக்கிச்சு. "ஓனரு பெங்களூர்ல இருக்காருங்கக்கா."

"இருந்துட்டுப் போறாரு, அதுக்கென்ன?"ன்னேன்.

"பொங்கல் ஆறுதுங்க, சாப்புடுங்க"ன்னுட்டு அந்தப் பொண்ணு மெதுவாப் படி ஏறிப் போச்சு. பட்டப்பகல்ல, பொங்கலன்னைக்கு, கதவச் சாத்தி உள்ளாற தாப்பா போட்டுக்கிச்சு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது.